கள்ளிப்பழம் தின்ற ஆத்தா

ஒரு கோடையில் கொஞ்ச நாள் நான் மாரியாத்தாவாக இருந்தேன். சிரிக்காதீர்கள். உங்களில் பாதிப் பேருக்குப் பல்செட், சிரித்தால் கழன்றுவிடும். மீதிப் பேருக்கு என்னைத் தெரியும். நம் பள்ளி நாடகத்தில் மரமாக நிற்கச் சொன்னபோது மூக்கைச் சொறிந்து காட்சியைக் கெடுத்தவன் நான். மரமாகவே நிற்கத் தெரியாதவன் தெய்வமாக எப்படிப் படுத்திருந்தேன் என்பதைத்தான் இப்போது சொல்ல வருகிறேன்.

அப்போது எங்கள் வீடு ஸ்கெலட்டன் என்ற பகுதிக்குப் பக்கத்து லைனில், அதாவது சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தது. ஒரே அறை, பின்னால் புகை பிடித்த சமையல் மூலை. தடுப்புக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ஆன்ட்டி தும்மினால் இந்தப் பக்கம் அம்மா 'நூறாயுசு' என்பாள். அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவருக்குச் சுரங்கத்தில் அடி லெவலில் வேலை. நைட் ஷிப்ட் வாரத்தில் பகல் முழுக்க அவர் அந்த ஒரே அறையில் தூங்குவார். நாங்கள் மூச்சு மட்டும் விடலாம். அம்மி அரைக்கக் கூடாது, உரல் இடிக்கக் கூடாது, கடுகு வெடிக்கக் கூடாது. அக்கா எண்ணெயைக் காயவைத்துக்கொண்டு ஷிப்ட் சங்குக்காகக் காத்திருப்பாள். சங்கு எழுந்ததும் கடுகைப் போடுவாள், அது அடங்குவதற்குள் தாளிப்பு முடிந்திருக்கும். கோலார் தங்கவயலில் சங்குக்கு அடியில் தாளித்த ரசத்தைக் குடித்து வளர்ந்தவன் நான். இன்றும் எங்காவது சங்கு ஊதினால் எனக்குப் பசிக்கிறது.

அம்மாவுக்குச் சங்கு அப்படி இல்லை. கீழே ஆழத்தில் பாறை நெரிந்து வெடித்தால் மேலே எங்கள் அலமாரித் தட்டுகள் கிலுகிலுவென்று ஆடும். அதற்குப் பின்னால் நேரங்கெட்ட நேரத்தில் ஒரு சங்கு ஊதும். ஊரே வாசலுக்கு வரும். அம்மாவுக்கு மட்டும் கால் வராது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவாள். அக்காதான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட்டின் கேட் வரை ஓடி, எந்த ஷாப்ட், எந்த லெவல், யார் யார் என்று கேட்டுக்கொண்டு திரும்பி ஓடி வருவாள். நைனாவுக்கு ஒன்றுமில்லை என்று தெருமுனையிலிருந்தே கையை உயர்த்தி ஆட்டுவாள். அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் அம்மா நிலைப்படியை விடுவாள். எனக்கு அப்போது அது அக்காவுக்குக் கிடைக்கும் ஓட்டப்பந்தயமாகத்தான் தெரிந்தது. எனக்கு அந்த வாய்ப்பைத் தரவில்லையே என்று முறைப்பேன்.

மற்ற நேரங்களில் அக்காவுக்கு ஓட்டம் கிடையாது. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு வீட்டில் உட்காரவைக்கப்பட்டவள் அவள். தண்ணீர்க் குழாய் வரை போகலாம். அதற்கு மேல் போக ஒரு காரணம் வேண்டும். அவள் ஒரு காரணம் சொன்னால் போகாமலிருக்க அதைவிட நல்ல காரணம் ஒன்று அம்மாவிடம் இருக்கும். அதனால் என் கால்களை வாடகை இல்லாமல் எடுத்துக்கொண்டாள். அவள் பார்க்க முடியாத காட்டை நான் கால்சட்டைப் பையில் அடைத்துக் கொண்டுவந்து கொட்டுவேன்.

நம் ஊர்க் காடு என்ன பெரிய காடு. தங்கம் பிரித்த கழிவுமண் குவிந்த சயனைடு மேட்டுக்கும் ரயில் பாதைக்கும் இடையில் முள்ளும் கல்லும். ஆனால் அதில் என்னவெல்லாம் இருந்தது, நீங்களே சொல்லுங்கள். காரைப்பழம், சூரைப்பழம், களாக்காய், கோவைப்பழம், இலந்தை. கொழுந்து விடும் காலத்தில் புளியமரம். தெலுங்கு வீட்டுக்காரர்கள் அந்தக் கொழுந்தைச் சிகுரு என்று பருப்பில் போட்டுக் கடைவார்கள். அக்காவுக்கு யார் வீட்டுச் செய்முறையும் போதாது. களாக்காயை வெல்லத்தில் சுண்டவைத்தாள். விரலை நக்கி நக்கி என் ரேகை தேய்ந்தது. புளியம்பூவை வதக்கித் துவையல் செய்தாள். நைனா தூக்கத்தில் எழுந்து வந்து ஒரு உருண்டை சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார். உண்ணிப்பழத்தில் பாயசம் வைத்தாள். அது கொசு மருந்து வாசனை அடித்தது. எங்கள் லைன் நாய் முகர்ந்து பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்துப் போனது. நான் குடித்தேன். அந்த வீட்டில் நாய்க்கு இருந்த சுயமரியாதை எனக்கு இல்லை.

அந்தக் கோடையில் ஆன்ட்டி ஒரு செய்தி கொண்டுவந்தார். சர்ச்சில் பாடகர் குழுவில் பாடும், கிறிஸ்துமஸுக்கு எல்லா வீட்டுக்கும் கேக் அனுப்பும் நல்ல மனுஷி. அவருடைய தங்கை பெங்களூரில் ஒரு பெண்கள் ஹாஸ்டல் சமையல்கூடத்தில் இருந்தார். அங்கே ஜாம், ஸ்குவாஷ், ஊறுகாய் போடக் கற்றுக்கொடுத்து, தேறினால் தங்க இடமும் வேலையும் தருகிறார்களாம். வியாழக்கிழமை நேரில் வர வேண்டும், தன் கையால் செய்த ஒரு பாட்டில் ஏதாவது கொண்டுவர வேண்டும். அந்த வியாழனை விட்டால் பிறகு ஆள் எடுக்க மாட்டார்கள். நைனா சோற்றுத் தட்டிலிருந்து தலை தூக்காமல், "போய்ட்டு வரட்டுமே" என்றார். அம்மா கழுவிய குண்டானையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

என்ன பாட்டில் என்று அக்கா ரெண்டு நாள் யோசித்தாள். கொய்யா ஜாம் எல்லோரும் கொண்டுவருவார்கள். யாரும் கொண்டுவராதது வேண்டும். அப்படித்தான் நான் சப்பாத்திக்கள்ளிப் பழத்துக்குப் போனேன்.

கள்ளிப்பழம் பறிப்பதில் ஒரு முறை உண்டு, உங்களுக்குத் தெரியும். குச்சியால் தட்டி விழவைத்து, மணலில் காலால் உருட்டி, கந்தல் துணியில் துடைத்து, தணலில் காட்டி, பிறகுதான் தொட வேண்டும். நான் முறைப்படி ஒரு பழத்தை உருட்டினேன். அடுத்ததைத் துடைத்தேன். மூன்றாவதிலிருந்து எனக்கும் பழத்துக்கும் இடையில் எந்தச் சம்பிரதாயமும் இல்லை. ஒன்று கூடைக்கு, ஒன்று வாய்க்கு. வாய், கை, சட்டை இல்லாத நெஞ்சு எல்லாம் சிவப்பு. வீட்டுக்கு வந்ததும் அக்கா என்னைப் பார்க்கவில்லை, கூடையைத்தான் பார்த்தாள். சுட்டு, உரித்து, மசித்து, துணியில் வடிகட்டி, சர்க்கரையும் எலுமிச்சையும் போட்டுக் கிண்டினாள். ஆன்ட்டி கொடுத்த பாட்டிலில் ஊற்றி ஜன்னலில் வைத்தாள். வெயில் அதன் வழியே வந்து தரையில் ஒரு சிவப்புக் காசு போல விழுந்தது. அப்படி ஒரு நிறத்தை அந்த வீடு அதற்கு முன் பார்த்ததில்லை. அக்கா அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் எனக்குத் தடித்துவிட்டது. கள்ளிப்பழத்தின் மேலிருக்கும் அந்தப் பூ முள், கண்ணுக்கே தெரியாது, நூற்றுக்கணக்கில் கையிலும் நெஞ்சிலும் உதட்டிலும் ஏறி ஒவ்வொன்றும் ஒரு சிவந்த பொட்டாகப் புடைத்துக்கொண்டது. போதாததற்கு நான் பின்பக்கச் சாக்கடையில் ஒன்றுக்குப் போக, அதுவும் சிவப்பாகப் போயிற்று. கள்ளிப்பழம் தின்றால் அப்படித்தான் போகும். ஆனால் அதை எதிர் லைன் பெரியம்மா பார்த்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் அம்மை போட்டால் தண்ணீர் ஊற்றுவதிலிருந்து கூழ் காய்ச்சுவது வரை அவள் சொன்னதுதான் சட்டம். உரத்த குரலில் அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா வந்து என் கையைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கையால் என் முழங்கைவரை ஒரு தடவு தடவினாள். சட்டென்று கையை இழுத்து, ஆள்காட்டி விரலை வாயில் வைத்து உறிஞ்சினாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஜன்னலில் இருந்த பாட்டிலைப் பார்த்தாள்.

"ஆத்தா வந்துட்டா," என்றாள்.

அவ்வளவுதான். இருட்டுவதற்குள் நிலையில் வேப்பிலைக் கொத்து ஏறியது. என்னை மஞ்சள் துணியில் சுற்றி வேப்பிலை மேல் படுக்கவைத்தார்கள். வீட்டில் தாளிப்பு கூடாது, தலை வாரக் கூடாது, செருப்பு போடக் கூடாது, யாரும் உள்ளே வரக் கூடாது, வீட்டிலிருந்து யாரும் ஊரைத் தாண்டக் கூடாது. மூன்று தண்ணீர் ஊற்றி ஆத்தா இறங்கும்வரை இப்படித்தான். ஷிப்டுக்குப் போகிற ஆம்பளைக்கு மட்டும் விலக்கு உண்டு. அம்மா நைனாவைக் கூட்டாளி வீட்டில் தங்கச் சொல்லிவிட்டாள். "போய்ட்டு வரட்டுமே" என்று சொன்ன ஒரே ஆளும் அதோடு வாசலுக்கு வெளியே போனார்.

நான் முதல் நாளே உண்மையைச் சொல்லிவிட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன். வாழ்க்கையில் நான் அடி வாங்காமல் தானாக உண்மை சொன்ன சந்தர்ப்பங்கள் குறைவு, அதில் இது ஒன்று. "எம்மா, இது முள்ளும்மா. கள்ளிப்பழம் தின்னேம்மா," என்றேன். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பெரியம்மா வாசலில் இருந்தபடியே, ஆத்தா அப்படித்தான் இல்லை இல்லை என்று சோதிப்பாள், நம்பாதே என்றாள். நான் இல்லை என்று எவ்வளவு சொன்னேனோ அவ்வளவு ஆத்தா ஆனேன். அழுதேன், இன்னும் உக்கிரமான ஆத்தா ஆனேன். சொறிந்தேன், வேப்பிலையால் தடவினார்கள். பூ முள் இன்னும் உள்ளே இறங்கியது.

அக்கா அம்மாவிடம் பேசிப் பார்த்தாள். ஆன்ட்டி தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து, தன் பிள்ளைக்கும் ஒரு தரம் கள்ளிமுள் இப்படித்தான் தடித்தது என்று மெதுவாகச் சொன்னார். அம்மா கோபப்படவில்லை. "உங்க சாமி காரியத்துல நான் பேச மாட்டேன், நீங்களும் இதுல பேசாதீங்க ஆன்ட்டி," என்றாள். அந்த அம்மாள் மரியாதை தெரிந்தவர், அதற்குப் பிறகு அந்தப் பக்கமிருந்து தும்மல் சத்தம்கூட வரவில்லை. அக்கா பாட்டிலை ஜன்னலிலிருந்து எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். வாராத தலையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அந்த ஒரே அறையில் நாங்கள் மூன்று பேர், நைனா தூங்காத பகலிலும் மூச்சு மட்டும் விட்டோம்.

தெய்வமாக இருப்பதில் லாபமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கரண்டியால் என்னை அடிக்கும் அதே அம்மா, "தாயே, இன்னா வேணும்?" என்று கேட்டாள். இளநீர் வேணும் என்றேன், வந்தது. நுங்கு வேணும் என்றேன், வந்தது. கறிக்குழம்பு வேணும் என்றேன். ஆத்தா அதெல்லாம் கேட்க மாட்டாள் என்று பெரியம்மா தள்ளுபடி செய்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. ஆத்தா கேட்கக் கூடியதைக் கேட்டால் இந்த வீட்டில் மறுக்க ஆள் இல்லை.

புதன்கிழமை காலை இரண்டாம் தண்ணீர். விடிந்ததும் கண்ணைப் பாதி திறந்து படுத்திருந்தேன். அம்மா வாசல் வெளிச்சத்தில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, தன் ஆள்காட்டி விரலைக் கண்ணுக்கு அருகில் வைத்துக் குத்திக் கிளறிக்கொண்டிருந்தாள். ஒரு தரம் உறிஞ்சித் துப்பினாள். மறுபடி கிளறினாள். அக்காவும் பார்த்தாள். நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்தோம். அம்மை போட்ட பிள்ளையைத் தடவினால் யார் விரலிலாவது முள் ஏறுமா? அம்மாவுக்கு முதல் நாளே தெரியும்.

லைன் பெண்கள் குடத்தோடு வந்தார்கள். மஞ்சளும் வேப்பிலையும் கலந்து வெயிலில் வைத்த தண்ணீரை வாசலில் என் தலையில் ஊற்றினார்கள். பெரியம்மா வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டாள். "மனசு குளிர்ந்துச்சா தாயே? இன்னா கொறை, சொல்லு."

நான் திருவிழாவில் பார்த்ததை எல்லாம் அவிழ்த்துவிட்டேன். தலையைச் சுழற்றினேன். பல்லைக் கடித்தேன், நாக்கும் நடுவில் மாட்டியது, அதனால் வந்த முனகல் மட்டும் நிஜம். குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, "எம் பெரிய பொண்ண அனுப்பு," என்றேன்.

பெண்கள் எல்லோரும் கையெடுத்தார்கள். பெரியம்மா, "எங்க தாயே அனுப்பணும்?" என்றாள்.

"பெங்களூருக்கு. நாளைக்கி. ஊரிகம் ஸ்டேசன்ல மொத வண்டி."

"ஆத்தாவுக்கு ரயில் டைமு கூடத் தெரிஞ்சிகீது பாருங்கடி," என்றாள் பெரியம்மா, பக்கத்திலிருந்தவளிடம்.

"பாட்டிலு ஒடையாம இட்டுகினு போணும்," என்று சேர்த்தேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. நல்ல நடிகனுக்கு நிறுத்தத் தெரியும்.

அம்மா குடத்தோடு எனக்கு எதிரில் நின்றிருந்தாள். என்னையே பார்த்தாள். அவள் வாயைத் திறந்து, இவன் புளுகுகிறான், இவன் மேல் ஆத்தா இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் செத்தேன். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் நிலையில் வேப்பிலை கட்டியவள் புளுகும் அதோடு வெளிப்படும். கட்டைவிரலால் ஆள்காட்டி விரல் நுனியைத் தேய்த்துக்கொண்டே நின்றாள். நனைந்த துணியில் எனக்குப் பல் கிட்டியது, இப்போது நடிப்பு இல்லை.

"தனியா எப்படி அனுப்பறது தாயே? யாரு கூட?" என்றாள் கடைசியில்.

ஆத்தா அதை யோசித்து வைத்திருக்கவில்லை. "பக்கத்து வீட்டு ஆன்ட்டி கூட," என்று அவசரத்தில் சொல்லிவிட்டேன். பெண்களிடையே ஒரு சலசலப்பு. பெரியம்மாதான் காப்பாற்றினாள். ஆத்தாவுக்குக் கோயில் என்ன, சர்ச் என்ன, எல்லாம் அவள் பிள்ளைகள்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

அம்மா குடத்தைக் கீழே வைத்தாள். "உத்தரவு தாயே," என்றாள். என் காலில் விழவில்லை. உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் விடியலில் அக்கா தலை வாரி, பாட்டிலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக் கட்டிக்கொண்டாள். எல்லோரும் பார்க்க என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். கும்பிட்ட சாக்கில் என் கால் கட்டைவிரலை நறுக்கென்று கிள்ளிவிட்டு, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் எழுந்தாள். அம்மாவிடம் போனாள். அம்மா அவள் பின்னலை ஒரு தரம் இழுத்துச் சரிபார்த்தாள். அக்கா போனாள். அந்த ஜாமை அங்கே யார் ருசி பார்த்தார்கள், என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. அவளை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள் என்று ஆன்ட்டி மட்டும் திரும்பி வந்து சொன்னார்.

ஆனால் நான் எங்கே போவது? மூன்றாம் தண்ணீர் பாக்கி இருந்தது. இவன் புளுகன் என்று தெரிந்த அம்மாவும், இவள் புளுகி என்று தெரிந்த பிள்ளையும், ஒரே அறையில், வேப்பிலைக்கு உள்ளே. அவள் என்னைத் தாயே என்றாள், நான் இளநீர் குடித்தேன். கேட்காமலே நுங்கு வந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை. கன்னத்தில் ஒரு அறை வாங்கியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை மத்தியானம் தட்டுகள் ஆடின.

முதலில் கிலுகிலுவென்று ஒரு நடுக்கம். அரிசிப் பானை மூடி நழுவி விழுந்தது. நைனாவுக்கு அந்த வாரம் பகல் ஷிப்ட். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, பிறகு சங்கு. அம்மா நிலைப்படிக்குப் போனாள். இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றாள். லைனில் எல்லோரும் ஓடினார்கள். அவள் திரும்பி, சுவரோரம் அக்கா உட்காரும் இடத்தைப் பார்த்தாள். அங்கே யாருமில்லை. வாசலைப் பார்த்தாள். மறுபடி அந்த இடத்தைப் பார்த்தாள்.

அம்மா எதைப் பூட்டி வைக்கப் பார்த்தாள் என்பது எனக்கு அப்போது விளங்கிவிட்டது என்று சொன்னால் பெருமையாக இருக்கும். விளங்கவில்லை. விளங்க எனக்கு ஒரு ஆயுள் ஆயிற்று. அப்போது எனக்குத் தெரிந்தது, ஓட ஆள் இல்லை என்பது மட்டும்தான். எழுந்தேன். அவள் கைக்கு அடியில் குனிந்து, வேப்பிலைக் கொத்து தலையில் இடிக்க, வெளியே ஓடினேன்.

இடுப்பில் மஞ்சள் துணி, மேலெல்லாம் சிவப்புப் பொட்டு, தலையில் வேப்பிலை. ஷாப்ட் கேட்டுக்குப் போகும் கும்பல் என்னைப் பார்த்து இரண்டாகப் பிளந்து வழி விட்டது. சிலர் ஓடிக்கொண்டே கும்பிட்டார்கள். கேட் வாட்ச்மேன் எழுந்து நின்று, "தாயே, எங்களக் காப்பாத்து," என்றார். "எந்த ஷாப்ட்டு அண்ணா?" என்றது தாய், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. வேறு ஷாப்ட் என்றார். இங்கே ஆள் ஏற்றும் கேஜ் மேலே ஏறிவிட்டது, எல்லோரும் மேலே வந்தாயிற்று என்றார். கம்பிக்கு அந்தப் பக்கம் நைனா ஹெல்மெட்டோடு நின்றிருந்தார். என்னை அந்தக் கோலத்தில் பார்த்து அவர் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. நான் நிற்கவில்லை. தெருமுனை வந்ததும் கையை உயர்த்தி ஆட்டினேன். எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு.

அம்மா நிலைப்படியை விட்டாள்.

அன்றிலிருந்து அந்த ஓட்டம் என்னுடையது. நைனா வேலையை விடும்வரை ஓடினேன். பிறகு நானே கீழே இறங்கினேன், சுரங்கம் மூடும்வரை. அக்கா பெங்களூரிலேயே நிலைத்துவிட்டாள். ஊர் முழுக்க இப்போதெல்லாம் காலையில் ரயிலேறி அங்கே வேலைக்குப் போய் இருட்டியதும் திரும்புகிறது. நான் இன்னும் அதே லைனில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆத்தாவாக இருந்தவன், பெரிய பொண்ணை அனுப்பு என்றேன், சின்னவனையும் அனுப்பு என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். பாட்டிலைச் சேர்க்கத் தெரிந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைத் திட்டவில்லை, தாயே என்றும் சொல்லவில்லை. வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்தாள். மெழுகுவர்த்தியை உருக்கி என் கையில் சொட்டுவிட்டு, ஆறியதும் வெடுக்கென்று உரித்தாள். மெழுகோடு பூ முள் கொத்துக் கொத்தாக வந்தது. மிச்சமிருந்ததை ஊக்கால் ஒவ்வொன்றாக எடுத்தாள், கொஞ்சம் தேவைக்கு மேலேயே குத்தி. நான் கத்தவில்லை. நெஞ்சு முடிந்து, உதடு முடிந்து, எல்லாம் முடிந்தபின் ஊக்கை என் கையில் கொடுத்தாள். தன் ஆள்காட்டி விரலை என் மடியில் நீட்டினாள்.

"இதுல ஒண்ணு கீதுடா. எடு."

நுனி சிவந்து வீங்கியிருந்தது. முள் உள்ளே எங்கேயோ போய்விட்டிருந்தது. நான் தேடிக்கொண்டே இருந்தேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவே இல்லை.